மறுஒளிபரப்பு வளர்ந்த வரலாறு

நாடகம் நிகழ்ந்த பொழுதே மறையும் இயல்புடைய கலை. கூத்தர் ஆடி முடிக்க, அவையோர் எழுந்து செல்ல, எஞ்சி நிற்பது நினைவு ஒன்றே. அச்சேறிய நாடகநூல் உரையாடலைக் காக்குமேயன்றி நடிகனது குரலையும் மெய்ப்பாட்டையும் காக்கமாட்டாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே தொலைக்காட்சி பரவத் தொடங்கியபோது அதுவும் இத்தகைய நிலையற்ற கலையாகவே கருதப்பட்டது. மாலையில் ஒளிபரப்பான நகைச்சுவை நாடகம் மறுநாட் காலையிற் பழையதாயிற்று. அதனை மீண்டும் காட்டலாம் என்றோ, காட்டினால் மக்கள் விரும்பிக் காண்பர் என்றோ எண்ணினோர் மிகச் சிலர். அவ்வாறிருக்க, 1950களிலும் 1960களிலும் எடுக்கப்பட்ட நகைச்சுவைத் தொடர்கள் சில இன்றும் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் திங்கள் முதல் வெள்ளி வரை நாடோறும் காட்டப்பட்டு வருகின்றன. இந்நிலை எவ்வாறு எய்திற்று என்பதும், எவை மீண்டு வந்தன, எவை வாராதொழிந்தன என்பதும், அத்தெரிவைச் செய்தவை எவை என்பதும் ஆராயத்தக்கன.

ஆங்கிலத்தார் 'சிட்கொம்' எனச் சுருக்கி வழங்கும் நாடகவகை வானொலியிற் பிறந்து தொலைக்காட்சியில் வளர்ந்தது. ஒரு வீடு அல்லது ஒரு தொழிற்களம். மாறாத சில மாந்தர். வாரந்தோறும் அவர் தாமே விளைத்துக்கொள்ளும் புதியதொரு சிக்கல். அரைமணி நேரத்துள் அச்சிக்கல் அவிழ்ந்து வீடு பழைய நிலை எய்துதல் - இவையே அதன் உறுப்புக்கள். ஒரு வாரத்து நிகழ்ச்சி மறுவாரத்துக்கு வேண்டப்படுவதில்லை. நடுவிலே ஒன்றைத் தவறவிட்டவனும் அடுத்ததை இடர்ப்பாடின்றிக் காணலாம். பிற்காலத்தில் இத்தொடர்கள் எவ்வரிசையிலும் எந்நாளிலும் மீளக் காட்டுதற்கு ஏற்றனவாய் அமைந்தமைக்கு இவ்வமைப்பே முதற் காரணம். ஆயின் அமைப்பு மாத்திரம் ஒரு தொடரைக் காத்துவிடாது. காட்டுதற்குப் படச்சுருள் வேண்டும். அப்படச்சுருளைப் பேணுதற்கு ஒருவனுக்குக் காரணம் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தது 1951ஆம் ஆண்டிலாகும்.

அந்நாளிற் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களின் நிகழ்ச்சிகளிற் பெரும்பாலன நியூயோர்க் நகரத்துக் கூடங்களில் நடிக்கப்பட்டு, நடிக்கும் பொழுதே ஒளிபரப்பாயின. தொலைவிலுள்ள நிலையங்களுக்கு அனுப்ப வேண்டியபோது, தொலைக்காட்சித் திரையிலே தோன்றும் உருவத்தை அதன் எதிரே வைத்த படப்பிடிப்புக் கருவியினாற் படமாக்கி அனுப்பினர். 'கினெஸ்கோப்' எனப்பட்ட அப்படம் மங்கலானது. உருவத்தின் விளிம்புகள் தெளிவற்றன. ஒருமுறை காட்டிவிட்டு எறிதற்கே அது தகுதியுடையதாகக் கருதப்பட்டது.

சி.பி.எஸ். நிறுவனம் லூசில் போல் என்னும் நடிகையை வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் தயாரிக்க விரும்பியது. அவர் தம் கணவரும் கியூபா நாட்டிற் பிறந்த இசைக்குழுத் தலைவருமாகிய டெசி ஆர்னாஸுடனேயே நடிப்பதென உறுதிகொண்டார். விளம்பரதாரராகிய பிலிப் மொரிஸ் சிகரெட் நிறுவனத்தாரோ நாடகம் நியூயோர்க்கில் நடைபெறல் வேண்டும் என்றனர். தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தோருட் பெரும்பாலார் நாட்டின் கிழக்குப் பகுதியினர். அவர்களுக்கு மங்கலான கினெஸ்கோப் படத்தைக் காட்டுதல் வாணிகத்துக்கு இழுக்கென அவர் கருதினர். தம்பதியரோ கலிபோர்ணியாவை விட்டு நீங்க உடன்படவில்லை. இரு பாலாரும் இணங்குதற்கு எஞ்சிய வழி ஒன்றே. அஃதாவது, திரைப்படத்துக்குரிய 35 மில்லிமீற்றர் படச்சுருளில் நாடகத்தைப் பதித்து எல்லா நிலையங்களுக்கும் ஒரே தரமான படத்தை அனுப்புதலாகும். இதற்குச் செலவு மிகுதி. அம்மிகுதியை ஈடுசெய்யத் தம்பதியர் தம் ஊதியத்திற் குறைவை ஏற்றனர். அதற்கு மாறாக, எடுத்த படச்சுருள்கள் தம் டெசிலு நிறுவனத்துக்கே உரியனவாதல் வேண்டும் எனக் கேட்டனர். சி.பி.எஸ். அதற்கு எளிதில் உடன்பட்டது. ஒருமுறை காட்டிய நாடகத்துக்கு விலை யாது என்பது அன்றைய வாணிகர் எண்ணம்.

'ஐ லவ் லூசி' என்னும் அத்தொடர் 1951 ஒக்டோபர் 15ஆம் நாள் தொடங்கிற்று. அவையோர் முன்னிலையிலே நடிக்கப்பட்ட நாடகத்தை மூன்று படப்பிடிப்புக் கருவிகள் ஒருங்கே பதித்தன. இம்முறையை முன்னரும் சிலர் கையாண்டதுண்டு. எனினும் அதனைத் திருத்தி நிலைநிறுத்திய பெருமை இத்தொடருக்கே உரியது. ஒளியமைப்பை வகுத்தவர் கார்ல் பிரொய்ண்ட். இவர் 1927இல் வெளிவந்த 'மெற்றோபொலிஸ்' என்னும் ஜெர்மானியத் திரைப்படத்தைப் படம்பிடித்தோருள் ஒருவர். மூன்று கருவிகளும் மூன்று தொலைவுகளில் நின்று ஒரே நேரத்திற் படம்பிடித்தலின், எக்கோணத்திலிருந்து நோக்கினும் நிழல் கெடாதவாறு ஒளி பரவுதல் வேண்டும். அதனை அவர் செய்து முடித்தார். இவ்வாறு, வாரநாடகத்துக்குத் திரைப்படத்தின் தெளிவும் நீண்ட ஆயுளும் வாய்த்தன. அன்று அரங்கிலிருந்தோர் சிரித்த சிரிப்பும் அப்படச்சுருளிலேயே பதிந்தது.

படச்சுருளின் பயன் விரைவிலேயே வெளிப்பட்டது. லூசில் போல் கருவுற்று ஓய்வெடுக்க வேண்டிய காலம் வந்தபோது, முன்னர்க் காட்டிய பகுதிகள் சில மீளக் காட்டப்பட்டன. மக்கள் அவற்றை வெறுத்தொதுக்கவில்லை. முதன்முறை பாராதோர் புதியனவாகக் கண்டனர். பார்த்தோர் மீண்டும் சிரித்தனர். கதைத்தலைவிக்கு மகன் பிறந்த பகுதி 1953 சனவரி 19ஆம் நாள் காட்டப்பட்டபோது, அதனை ஏறத்தாழ 4 கோடி 40 இலட்சம் மக்கள் கண்டனர் என மதிப்பிடப்பட்டது. லூசில் போல் உண்மையில் மகனைப் பெற்றதும் அந்நாளிலேயாம். 1957இல் வாரத்தொடர் நிறைவெய்தியபோது அரைமணி நேரப் பகுதிகள் 180 ஆயிருந்தன. அவற்றின் உரிமையைக் கேட்டவுடன் விட்டுக்கொடுத்த சி.பி.எஸ். நிறுவனமே, பின்னர் 40 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட விலை கொடுத்து அவற்றைத் தம்பதியரிடமிருந்து வாங்கிற்று. தாம் இருவரும் முன்னர் நடிகராய்ச் சம்பளம் பெற்ற ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் படப்பிடிப்புக் களங்களையே 1957இல் டெசிலு விலைக்குக் கொண்டது. பழைய நாடகம் ஒரு சொத்து என்பது அன்றுதொட்டு ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

சி.பி.எஸ். நிறுவனம் 1959 முதல் 1967 வரை 'ஐ லவ் லூசி'யை வாரநாட்களிற் காலைவேளையில் மீளக் காட்டி வந்தது. ஈண்டு ஒரு மாற்றம் நோக்கற்பாலது. முன்னர் வாரத்துக்கு ஒருமுறை இரவில் வந்த நாடகம் இப்பொழுது வாரத்துக்கு ஐந்துமுறை பகலில் வந்தது. வாரத்தொடரைக் காண்போன் ஒரு பகுதிக்காக ஆறுநாட் காத்திருப்பான். நாடோறும் காண்போனுக்கோ அம்மாந்தர் அயல்வீட்டார் போலாயினர். கடிகாரம் குறித்த நேரத்துக்கு வந்து, வயது ஏறாமல், இல்லம் மாறாமல், அவன் வீட்டிலே அரைமணி தங்கிச் சென்றனர்.

நாடோறும் காட்டும் இம்முறை புதியதொரு கணக்கையும் உடன்கொணர்ந்தது. வாரத்துக்கு ஐந்தாக 100 பகுதிகளைக் காட்டினால் இருபது வாரம் செல்லும். அதற்கு முன் ஒன்றும் இருமுறை வாராது. 65 பகுதிகளாயின் பதின்மூன்று வாரத்தில் முடியும். ஆதலின், நூறு அல்லது அதற்கு அணித்தாகிய எண்ணை எட்டிய தொடரையே நிலையங்கள் நாடி வாங்கின. ஓராண்டில் நின்றுபோன தொடர் எத்துணைச் சிறந்ததாயினும் விலைபோகவில்லை. ஒரு நாடகம் நினைவில் நிற்றற்குரியதா என்பதனைத் திறனாய்வாளர் அன்றி வாய்பாடே தீர்மானிக்கும் நிலை இவ்வாறு தோன்றியது.

இவ்விதிக்குப் புறனடையாக நின்றது ஜக்கி கிளீசன் நடித்த 'தி ஹனிமூனர்ஸ்' என்னும் தொடர். புரூக்ளினில் வறிய குடியிருப்பொன்றில் வாழும் பேருந்துச் சாரதியும் அவன் மனைவியும் அதன் தலைமை மாந்தர். 1955 - 56இல் அரைமணித் தொடராக வந்தபோது 39 பகுதிகளே எடுக்கப்பட்டன. வாரத்துக்கு ஐந்தாகக் காட்டினும் எட்டு வாரத்துள் முடிந்துவிடும் தொகை அது. எனினும் நியூயோர்க்கின் 11ஆம் இலக்க நிலையம் அதனை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் காட்டிற்று. அந்நகர மக்களுட் பலர் அதன் உரையாடல்களை மனனம் செய்த பாடல் போற் சொல்லவல்லராயினர்.

இத்தொடர் எஞ்சியமையிலும் ஒரு முரண் உண்டு. அந்நகைச்சுவைக் காட்சி முதன்முதல் 1951இல் டூமொன்ட் என்னும் ஒளிபரப்பு நிறுவனத்தின் நிகழ்ச்சியொன்றிலேயே தோன்றியது. பின்னர் 39 பகுதிகளையும் பதிதற்குப் பயன்பட்ட 'எலெக்ரோனிகாம்' என்னும் கருவியும் டூமொன்ட் ஆய்வுகூடத்தின் ஆக்கமே. தொலைக்காட்சிக் கருவியையும் திரைப்படக் கருவியையும் ஒன்றாய்ப் பிணைத்த அப்பொறி கிளீசனது நாடகத்தை நெடுங்காலம் வாழவைத்தது. டூமொன்ட் ஒளிபரப்பு நிறுவனமோ 1956இல் மறைந்தது. அதன் சொந்தப் பதிவுகளுட் பெரும்பாலன இன்று இல்லை. அவற்றிற் பல 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க் விரிகுடாவிலே கொட்டப்பட்டன என, நடிகை ஈடி அடம்ஸ் 1996இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் விசாரணையிற் சான்று கூறினார். ஆற்று நீரில் விட்ட ஏடுகளின் கதையை அறிந்தோர்க்கு இச்செய்தி புதியதன்று. கேட்பாரற்ற பொருள் இடத்தை அடைத்துக்கொள்ளும் சுமையாகிறது, சுமையானது கழிக்கப்படுகிறது.

மறுஒளிபரப்பு நாடெங்கும் தழைத்தமைக்குச் சட்டமும் துணைநின்றது. 1962இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, 1964 முதல் ஆக்கப்படும் தொலைக்காட்சிப் பெட்டிகள் மீயுயர் அதிர்வெண் அலைகளையும் ஏற்கவல்லனவாதல் வேண்டும் என விதித்தது. அதுகாறும் காண்போரின்றி மெலிந்திருந்த சிறு நிலையங்கள் இதனால் உயிர்பெற்றன. பெருநிறுவனங்களோடு தொடர்பில்லாத இத்தனி நிலையங்களுக்குப் புதிய நாடகம் தயாரிக்கும் பொருள்வளம் இல்லை. பழைய நாடகம் மலிவாய்க் கிடைத்தது. மேலும், சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு 1970இல் இரு விதிகளை ஆக்கிற்று. அவற்றுள் ஒன்று, பெருநகரங்களில் மாலையின் முதன்மை நேரத்தில் ஒரு பகுதியைப் பெருநிறுவனங்களின் நிகழ்ச்சிகளுக்கும், அவற்றின் பழைய தொடர்களுக்கும், அந்நிறுவனங்களைச் சார்ந்த நிலையங்களில் இடமில்லாதவாறு ஒதுக்கியது. தனி நிலையங்களுக்கு இத்தடை இல்லை. எனவே, சார்ந்த நிலையங்கள் வினாவிடைப் போட்டிகளைக் காட்டிய நேரத்தில், தனி நிலையங்கள் மக்கள் விரும்பிய பழைய நகைச்சுவைத் தொடர்களைக் காட்டிப் பொருளீட்டின. உள்ளூர் நிலையங்களை வளர்க்கவும் புதிய ஆக்கங்களை ஊக்கவும் எழுந்த விதி, பழைய ஆக்கங்களுக்கும் வாழ்வளித்தமை வரலாற்றில் அடிக்கடி காணப்படும் எதிர்பாரா விளைவுகளுள் ஒன்று.

மற்றைய விதி, பழைய தொடர்களை நிலையங்களுக்கு விற்கும் தொழிலைப் பெருநிறுவனங்கள் நடத்தலாகாது என்றது. அதற்கிணங்க சி.பி.எஸ். அத்தொழிலை 1971இல் வயாகொம் என்னும் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. 'ஐ லவ் லூசி' முதலிய பழந்தொடர்களே அதன் முதல். அவ்விதிகள் 1990களின் நடுப்பகுதியில் நீக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் வயாகொம் தன்னை ஈன்ற சி.பி.எஸ். நிறுவனத்தையே வாங்கிற்று. பழையன விற்று வளர்ந்த பிள்ளை, புதியன படைத்த தாயை விலைக்குக் கொண்டது என இதனைக் கூறலாம்.

தனி நிலையங்களின் மாலைநேரம் பள்ளியிலிருந்து மீளும் சிறாரின் நேரமாகும். 1964 முதல் 1967 வரை வந்த 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' 98 பகுதிகளோடும், 1969 முதல் 1974 வரை வந்த 'தி பிரேடி பஞ்ச்' 117 பகுதிகளோடும் நின்றன. பின்னது முதல் ஒளிபரப்பில் முன்னணித் தொடர்களுள் ஒன்றாய் நின்றதில்லை. ஆயினும் அவ்விரண்டும் வாரநாள் மறுஒளிபரப்பினாலே ஒரு தலைமுறைச் சிறார் அனைவரும் அறிந்த கதைகளாயின. வண்ணத்தில் எடுக்கப்பட்டமையும் இவற்றுக்கு ஏற்றமாயிற்று. 1960களின் நடுப்பகுதியிற் பெருநிறுவனங்களின் மாலை நிகழ்ச்சிகள் வண்ணமயமாகிய பின், கறுப்பு வெள்ளைத் தொடர்களுட் பல விலையிழந்து பெட்டிகளில் உறங்கின. 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' தொடரின் முதலாண்டுப் பகுதிகளும் கறுப்பு வெள்ளையே.

இவ்வளர்ச்சியின் பயனை நாடகத்தில் நடித்தோர் ஒப்ப நுகரவில்லை. மறுஒளிபரப்புக்காக நடிகருக்கு அளிக்கப்பட்ட ஊதியம் நெடுங்காலம் முதற் சில தடவைகளோடு நின்றது. அவ்வெல்லையை நீக்கி, காட்டுந்தோறும் ஊதியம் கிடைக்குமாறு திரைநடிகர் சங்கம் ஒப்பந்தம் செய்தது 1974இலேயாம். அதற்கு முன் எடுக்கப்பட்ட தொடர்களின் நடிகருட் பலர், தம் இளமைத் தோற்றம் நாடோறும் நாடெங்கும் காட்டப்படுவதைக் கண்டனர். அதனால் ஒரு சதமும் பெற்றிலர். அன்றியும், தெருவில் எதிர்ப்படுவோர் அவர்களைப் பழைய பாத்திரத்தின் பெயராலேயே அழைத்தமையின் புதிய வேடம் கிடைத்தலும் அரிதாயிற்று. முகம் வாழ்ந்தது, அம்முகத்துக்கு உரியவர் அதன் பயனைப் பெறவில்லை.

மீண்டு வந்தனவும் முழுமையாக மீண்டு வந்தன அல்ல. விளம்பரத்துக்குக் கூடிய நேரம் வேண்டிய நிலையங்கள் காட்சிகளைக் கத்தரித்தன. 'ஐ லவ் லூசி'யின் தொடக்கத்திற் பலர் நினைவிற் பதிந்திருப்பது பட்டுத்துணிமேல் இதய வடிவினுள் எழுதப்பட்ட தொடரின் பெயராகும். அஃது முதல் ஒளிபரப்பில் இல்லை. அன்று காட்டப்பட்டவை தம்பதியரைச் சித்திரித்த கோட்டோவியங்களும் விளம்பரதாரரின் சிகரெட் பெட்டியுமே. மறுஒளிபரப்பிற் சிகரெட் விளம்பரத்துக்கு இடமின்மையால் இதயம் புதிதாய்ச் சேர்க்கப்பட்டது. மக்கள் மூலமெனப் போற்றுவது பிற்காலத்து இடைச்செருகலாதல் ஏட்டுச்சுவடிகளுக்கு மாத்திரம் உரியதன்று.

நினைந்தே நிறுத்தப்பட்ட தொடரும் ஒன்றுண்டு. 'ஏமஸ் அன் ஆண்டி' என்பது வெள்ளையர் இருவர் கறுப்பினத்தவர் போலக் குரல் மாற்றிப் பேசி 1928 முதல் வானொலியில் நடத்திய நாடகம். 1951இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்களே நடித்தனர். அவர் திறமை மிக்கவர். ஆயின் அவர்க்கு வாய்த்த பாத்திரங்களோ சோம்பர், ஏய்ப்போர், ஏமாறுவோர் என்னும் பழிச்சித்திரங்களே. கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த தேசியச் சங்கம் இதனை வன்மையாகக் கண்டித்தது. 1953இல் முதல் ஒளிபரப்பு நின்றபின்னும் 78 பகுதிகள் நிலையங்களுக்கு விற்கப்பட்டு வந்தன, 1966இல் சி.பி.எஸ். அவற்றை மீட்டுக்கொண்டது. கண்டித்தோர் பக்கம் நீதி இருந்தது. ஒருமுறை காட்டப்படும் இழிவுரை ஒருநாட் புண். நாடோறும் காட்டப்படும் இழிவுரை வளரும் சிறார்க்குப் பாடம். எனினும் அந்நடிகர்களின் வாழ்நாள் உழைப்பும் அதனோடு மறைந்தது என்பதனையும் மறத்தலாகாது. மறுஒளிபரப்பின் ஆற்றல் எத்துணைப் பெரியது என்பதை, அது மறுக்கப்பட்ட இவ்விடத்திலேயே தெளிவாகக் காணலாம்.

கம்பிவழித் தொலைக்காட்சி பரவிய காலத்தில், 1985இல் 'நிக் அற் நைற்' என்னும் பெயரால் இரவுதோறும் பழந்தொடர்களைக் காட்டும் அலைவரிசை எழுந்தது, 1996இல் 'ரீ.வி. லாண்ட்' தொடங்கிற்று. முன்னர் மலிவுச் சரக்காக விற்கப்பட்டவை இப்பொழுது 'செவ்வியல்' என்னும் பெயர் பெற்றன. 2009இல் அமெரிக்க ஒளிபரப்பு பெரும்பாலும் இலக்க முறைக்கு மாறியபின், ஒரு நிலையம் ஒரே அலைவரிசையிற் பல நிகழ்ச்சிகளை அனுப்ப இயன்றது. அவ்விடங்களை நிரப்ப 2010இலும் 2011இலும் 'மீ ரீ.வி.', 'அன்ரெனா ரீ.வி.' என்பன நாடளாவித் தோன்றின. 234 பகுதிகளையுடைய 'லீவ் இற் ரு பீவர்' முதலிய கறுப்பு வெள்ளைத் தொடர்கள் மீண்டும் வாரநாட்களுக்கு வந்தன. இடம் மிகுந்து பொருள் குறைந்த போதெல்லாம் பழைய நகைச்சுவை அழைக்கப்பட்டமை, 1960கள் முதல் இன்றுவரை மாறாத நியதியாகும்.

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்கின், பழைய தொடர்கள் எஞ்சியமைக்குச் சிறப்பு ஒன்றே காரணமன்று என்பது பெறப்படும். ஊரைவிட்டு நீங்க மறுத்த தம்பதியர், சிகரெட் விற்போரின் கவலை, ஊதியக் குறைவுக்கு ஈடாகப் பெற்ற உரிமை, ஐந்தால் வகுக்கும் கணக்கு, வேறு நோக்கத்தோடு ஆக்கிய சட்டம் - இவை கூடியே ஒரு நாட்டு மக்களின் பொதுநினைவை வகுத்தன. சிறப்பில்லாதது நெடுநாள் நில்லாது; ஆயின் சிறப்புடையன எல்லாம் நின்றன எனல் பொருந்தாது. விரிகுடாவில் மூழ்கிய படச்சுருள்களில் யாது இருந்தது என்று இனி எவரும் சொல்லவியலாது.

வரலாறு கற்போர் இதனின்று கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. எஞ்சிய சான்று எதனைக் காணினும், அது கூறுவதைக் கேட்டலோடு அமையாது, அதனைப் பேணியவர் யார், எப்பயன் கருதிப் பேணினார் என்றும் வினவுதல் வேண்டும். கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் உரிய அவ்வினா, பிற்பகல் நான்கு மணிக்கு வீட்டுக் கூடத்திற் சிறார் கண்டு நகைக்கும் நாடகத்துக்கும் உரியதே. லூசில் போல் 1989இல் மறைந்தார்; டெசி ஆர்னாஸ் அதற்கு மூன்றாண்டு முன்னரே மறைந்தார். அவர்கள் ஊதியம் குறைத்துக் காத்த படச்சுருளிலே, 1951இல் அரங்கிலிருந்த பெயரறியாத மக்களின் சிரிப்பு இன்னும் ஒலிக்கின்றது.